முதலில் நாள்காட்டி, பிறகு காதல்

‘ஹகுவோகி’ என்ற வீடியோ ஆட்டத்தைக் கையில் எடுக்கும் புதியவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, எதையும் தெரிந்துகொள்ளாமல் நேராக உள்ளே போய்விடு என்பதுதான். காதல் கதைதானே, முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று காரணமும் சொல்வார்கள். இந்த அத்தியாயம் அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. 1863 முதல் 1869 வரை ஜப்பானில் என்ன நடந்தது, ஷின்சென்குமி என்ற படையில் யார் எந்த ஊரில் எப்போது இறந்தார் என்பதை அரை மணி நேரமாவது படித்துவிட்டு ஆட்டத்தைத் திறங்கள். ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் குறிப்புகளைத் திறக்காதீர்கள். முதலாவது வரலாறு, இரண்டாவது விடைத்தாள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘ஸ்பாய்லர்’ என்று ஒதுக்குவதால் இந்த ஆட்டத்தின் பாதி பலருக்குக் கிடைக்காமலே போகிறது.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெண்களை மனத்தில் வைத்து எழுதப்படும் காதல் விஷுவல் நாவல்களை ஜப்பானில் ‘ஓட்டோமே’ ஆட்டங்கள் என்பார்கள். 1994இல் கோயெய் நிறுவனம் வெளியிட்ட ‘ஆஞ்சலிக்’கோடு தொடங்கிய வகை அது. ஐடியா ஃபேக்டரியின் ஓட்டோமேட் பிரிவு 2008இல் பிளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்டது ஹகுவோகி. 2012இல் அது ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னர் கதையை விரித்து ‘கியோட்டோ விண்ட்ஸ்’, ‘எடோ பிளாஸம்ஸ்’ என்று இரண்டு பாகங்களாக்கினார்கள். கணினியில் ஸ்டீம் வழியாக அவை கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்த தொகுப்பு 2023இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு ஆங்கிலத்தில் வந்தது. வாள் சுழற்றும் வேலை ஆடுபவருக்கு இல்லை. படமும் எழுத்தும் குரலும் ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே நாயகி என்ன சொல்ல வேண்டும், எங்கே போக வேண்டும் என்று கேட்கும். அந்தப் பதில்கள் சேர்ந்து கதையை ஒரு குறிப்பிட்ட வீரனின் பாதையில் கொண்டுபோய் விடும். நாயகி யுகிமுரா சிஸுரு, காணாமல்போன மருத்துவரான தன் தந்தையைத் தேடி ஆண்வேடத்தில் கியோட்டோவுக்கு வருகிறாள். வந்த இரவிலேயே பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிடுகிறாள். ஷின்சென்குமியின் பாதி விருந்தாளியாகவும் பாதிக் கைதியாகவும் அவர்களுடைய குடியிருப்பில் தங்குகிறாள்.

அங்கே அவள் சந்திக்கும் ஆண்கள் பெரும்பாலும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். கொந்தோ இசாமி, ஹிஜிகாத்தா தொஷிசோ, ஒகிதா சோஜி, சைத்தோ ஹாஜிமே, தோதோ ஹெய்ஸ்கே, ஹராதா சனொஸ்கே, நாகாகுரா ஷின்பாச்சி, யமனாமி கெய்ஸ்கே எல்லோரும் ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர்கள். கொந்தோவும் ஹிஜிகாத்தாவும் எடோவுக்கு (இன்றைய டோக்கியோவுக்கு) மேற்கே தாமா பகுதியின் விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஹிஜிகாத்தா இளமையில் குடும்பத்து மருந்துப் பொடியை ஊர் ஊராகச் சுமந்து விற்றவர். பிறப்பால் கிடைக்காத சாமுராய் தகுதியை வாளாலும் விசுவாசத்தாலும் சம்பாதித்துவிடலாம் என்று நம்பி இவர்கள் 1863இல் கியோட்டோவுக்கு வந்தார்கள். ஐசு நாட்டுப் பிரபு மாட்சுதைரா கதாமோரியின் ஆதரவில் மிபு கிராமத்தில் தங்கி, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் எதிரிகளை வேட்டையாடும் காவல் படையானார்கள். 1867இல் ஷோகனின் நேரடி வீரர்கள் என்ற தகுதி முறையாகக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஷோகன் ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆசைப்பட்டது கைக்கு வந்த சில மாதங்களில், அதைத் தந்த அரசே இல்லாமல் போனது. 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்தது. இவர்களில் ஒருவரைக் காதலிக்கும் பெண்ணின் கதை, மூழ்கப்போகிற ஓர் உலகத்துக்குள் வீடு கட்டப் பார்க்கிறவளின் கதை. அது மூழ்கப்போகிறது என்று தெரியாத ஆட்டக்காரருக்கு முதல் ஏழெட்டு மணி நேரம் வெறும் குடியிருப்புக் கலகலப்பாகவே தெரியும். ஹெய்ஸ்கேவும் ஷின்பாச்சியும் சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்கிற காட்சி எதற்காக அவ்வளவு நீளமாக எழுதப்பட்டிருக்கிறது என்பது அவருக்குப் புரிய வழியில்லை.

ஜப்பானிய ஆட்டக்காரர் இந்த நிலையில் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. இந்த வாதத்துக்கு முதல் ஆதாரமே அதுதான். ஷிமோசாவா கான் 1928இல் வெளியிட்ட ஷின்சென்குமி வரலாறு, 1960களில் ஷிபா ரியோதாரோ ஹிஜிகாத்தாவை நாயகனாக வைத்து எழுதிய ‘மோயெயோ கென்’, எண்ணற்ற திரைப்படங்கள், 2004இல் என்எச்கே ஓராண்டு முழுவதும் ஒளிபரப்பிய தொடர் நாடகம் என்று அந்தப் படையின் கதை அங்கே பொதுச்சொத்து. கொந்தோவின் தலை வெட்டப்படும், ஒகிதா காசநோயில் போவான், ஹிஜிகாத்தா வடக்கே ஹகோதாதேவில் விழுவார் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கக்கூடிய ஊரில், அதைத் தெரிந்தவர்களுக்காகவே இந்த ஆட்டம் எழுதப்பட்டது. எழுத்தாளர்கள் அந்த அறிவை அடித்தளமாக வைத்துத்தான் காட்சிகளைக் கட்டியிருக்கிறார்கள். வாசகருக்கு முடிவு தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதிய ஒன்றை முடிவு தெரியாமல் படித்தால், எழுதியவர் நினைத்த அனுபவம் நமக்குக் கிடைக்காது.

எவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்? ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வரி. 1864 ஜூலை 8 இரவு, கியோட்டோவின் இகெதாயா விடுதியில் கூடியிருந்த கிளர்ச்சியாளர்கள்மீது கொந்தோவின் சிறு குழு பாய்ந்தது. அந்தச் சண்டையில் ஹெய்ஸ்கேவின் நெற்றி வெட்டுப்பட்டது, ஒகிதா மயங்கி விழுந்தான். அடுத்த மாதமே, ஷோகனை எதிர்த்த சோஷூ நாட்டுப் படைகள் அரண்மனை வாயிலில் மோதித் தோற்றன. 1865 மார்ச்சில் யமனாமி வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். அவ்வாண்டு படை மிபுவிலிருந்து நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்கு இடம் மாறியது. 1866இல் சத்சுமா நாடும் சோஷூவும் ஷோகனுக்கு எதிராகக் கைகோத்தன. 1867இல் படையில் இருந்த இத்தோ கஷிதாரோ ஒரு குழுவோடு பிரிந்து போனார், ஹெய்ஸ்கேவும் கூடவே போனான். டிசம்பர் 13 அன்று அபுரனோகோஜி தெருவில் இத்தோவும் ஹெய்ஸ்கேவும் பழைய தோழர்களின் கையால் மடிந்தார்கள். 1868 ஜனவரி இறுதியில் தோபா-ஃபுஷிமி போர். அதில் ஷோகன் தரப்பு தோற்றது, படை கப்பலேறி எடோ திரும்பியது. மே 17 அன்று இதாபாஷியில் கொந்தோவின் தலை வெட்டப்பட்டது. ஜூலையில் ஹராதாவும் ஒகிதாவும் எடோவில் இறந்தார்கள், ஒருவர் போர்க்காயத்தால், மற்றவர் நோயால். நவம்பரில் ஐசு கோட்டை சரணடைந்தது. 1869 ஜூன் 20 அன்று ஹகோதாதேவில் ஹிஜிகாத்தா சுடப்பட்டு இறந்தார். இந்தத் தாளை மடித்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு நடைமுறைச் சிக்கலையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் ஆண்டுகளை அக்காலத்து வழக்கப்படி பன்க்யூ, கெஞ்சி, கெயோ, மெய்ஜி என்ற சகாப்தப் பெயர்களால் சொல்லும். மாதங்களும் பழைய சந்திர நாள்காட்டியைச் சேர்ந்தவை. ஜப்பான் இன்றைய நாள்காட்டிக்கு மாறியது 1873 ஜனவரி 1 அன்று. எனவே ஆட்டத்தின் மாதத்தோடு சுமார் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கூட்டினால் நமக்குப் பழகிய தேதி வரும். கதை தொடங்கும் பன்க்யூ மூன்றாம் ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் உண்மையில் 1864 ஜனவரியும் பிப்ரவரித் தொடக்கமும். இகெதாயா கெஞ்சி முதலாண்டு ஆறாம் மாதம் ஐந்தாம் நாள். கொந்தோ இறந்தது கெயோ நான்காம் ஆண்டின் நான்காம் மாதம். உங்கள் தாளில் இரண்டு வடிவத்திலும் எழுதிக்கொண்டால், திரையில் ஆண்டும் மாதமும் தோன்றுகிற ஒவ்வொரு முறையும் பொருள் உடனே விளங்கும். அந்த வரியைச் சொடுக்கித் தாண்டிப்போகிற பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும். இந்த ஆட்டத்தில் அது வெறும் தகவல் பலகை இல்லை. எதிரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று சொல்வது அந்த வரிதான், ஏனென்றால் இங்கே நாயகியின் எதிரி இன்ன மனிதன் என்பதைவிட இன்ன தேதி என்பதே சரி.

ஓர் எடுத்துக்காட்டு போதும். கதையின் தொடக்கப் பகுதியிலேயே வருவதால் இதைச் சொல்வதில் பெரிய கேடில்லை. யமனாமியை ஆட்டத்தில் சன்னான் என்று அழைக்கிறார்கள். படையின் துணைத்தலைவர், படித்தவர், சாந்தமானவர். கையில் பட்ட காயத்தால் இனி வாள் பிடிக்க முடியாத நிலை வருகிறது. வரலாறு தெரிந்தவருக்கு, 1865இன் தொடக்கம் திரையில் வந்ததுமே நெஞ்சு கனக்கும். இந்த மனிதருக்கு இன்னும் சில வாரங்கள்தான். ஆனால் ஆட்டம் அவரைக் கொல்வதில்லை. ‘ஓச்சிமிஸு’ என்ற மருந்தை அவர் குடிக்கிறார், மனிதரல்லாத ஒன்றாகிறார், அவர் இறந்துவிட்டதாக வெளியுலகுக்கு அறிவிக்கிறார்கள். அதாவது நாம் புத்தகத்தில் படித்த மரணம், படை தன் ரகசியத்தைக் காக்கச் சொன்ன பொய்யாக மாறிவிடுகிறது. எழுத்தாளர்களின் திறமை முழுவதும் இந்த ஒரு திருப்பத்தில் தெரிகிறது. வரலாற்றுப் பதிவில் ஓர் எழுத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. பதிவுக்குப் பின்னால் ஓர் அறை கட்டி, அதற்குள் தங்கள் கதையை வைத்திருக்கிறார்கள். யமனாமியின் உண்மையான முடிவை அறியாதவருக்கு இது ஒரு பாத்திரத்துக்கு நேர்ந்த விபத்து மட்டுமே. அறிந்தவருக்கோ, இனி வரும் ஒவ்வொரு மரணத்தின்மீதும் ஒரு கேள்வி விழுந்துவிடுகிறது. பதிவேட்டில் உள்ளபடி நடக்குமா, நடந்ததாகப் பதிவேட்டில் எழுதுவார்களா? மிச்சக் கதை முழுவதும் இந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டு ஆடுவதுதான் ஹகுவோகியின் தனி இன்பம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குடித்தால் தலைமயிர் வெளுத்து, கண் சிவந்து, ரத்தவெறி பிடிக்கும் மருந்தும், மனித உருவில் உலவும் ஓனி என்ற பூதங்களும் வருகிற கதைக்கு எதற்கு இவ்வளவு வரலாறு? கற்பனையைக் கற்பனையாக அனுபவித்தால் போதாதா? அந்தக் கற்பனை எதைப் பற்றியது என்று பார்த்தால் விடை கிடைக்கும். மருந்தைக் குடித்தவர்களை ஆட்டம் ‘ரசெத்சு’ என்கிறது. அவர்களுக்கு வலிமை வருகிறது, காயம் உடனே ஆறுகிறது. ஆனால் அந்த வலிமை எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை. அவரவர் ஆயுளிலிருந்தே எடுத்துச் செலவாகிறது. வாளைச் சுழற்றும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் நாள்கள் குறைகின்றன. ஆக, இந்தக் கதையின் மாயமருந்தே நாள்கணக்கைப் பற்றியது. தேதி குறிக்கப்பட்ட மனிதர்களுக்கு அந்தத் தேதியைத் தாண்ட ஒரு வழி திறக்கிறது. அதற்கு விலையாகவும் நாள்களே போகின்றன. தன் உண்மை மரணத் தேதி கடந்த பிறகும் ஒருவன் திரையில் நின்று பேசுகிறான் என்றால் அது எவ்வளவு பெரிய பேறு, அதற்கு என்ன கொடுத்திருக்கிறான் என்பது அந்தத் தேதி தெரிந்தால்தானே விளங்கும்?

ஸ்பாய்லர் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. எதிர்பாராத திருப்பத்துக்காகவே கதை படிக்கிறவர்கள் உண்டு, அது குறைந்த ரசனையும் இல்லை. ஆனால் ஹகுவோகியில் எதிர்பாராமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கவனியுங்கள். ஷோகன் தரப்பு வெல்லுமா என்பதில் இல்லை. கொந்தோ பிழைப்பாரா என்பதிலும் இல்லை. அவரை இந்த ஆட்டம் காதலனாகவே வைக்கவில்லை என்பது இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. எல்லாப் பாதைகளிலும் மற்றவர்களின் வாழ்வை மாற்றுகிற இழப்பாக அவர் நிற்கிறார். சிஸுருவின் தந்தை எங்கே, அவளுடைய காயம் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது, கஸாமா சிகாகே என்ற ஓனி அவளை ஏன் துரத்துகிறான் என்பவையே ஆட்டத்தின் புதிர்கள். இவற்றில் ஒன்றுக்குக்கூட வரலாற்று நூலில் விடை கிடையாது. வரலாறு தெரிந்து ஆடுகிறவர் இந்தப் புதிர்களை மற்றவரைப் போலவே முதல்முறையாக எதிர்கொள்கிறார். கூடுதலாக, தெரிந்த முடிவு நெருங்கிவருகிற பதைப்பும் அவருக்குக் கிடைக்கிறது. இழப்பது ஒன்றே ஒன்றுதான்: ஹெய்ஸ்கே படையை விட்டுப் போகும்போது ஏற்படும் அதிர்ச்சி. அதற்குப் பதிலாக, அதற்கு முந்தைய காட்சிகளில் அவன் சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வலி கிடைக்கிறது. இந்தப் பரிமாற்றம் லாபமானது என்பதே என் தீர்ப்பு.

விடைத்தாளை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். பதில்களின் தாக்கத்தை ஆட்டம் கணக்கு வைக்கிறது. ஒருவரின் மனத்தைத் தொட்ட பதிலைச் சொன்னால் அன்பு கூடியதற்கான அடையாளம் திரையில் தோன்றும். அந்த அடையாளத்தைத் துரத்தத் தொடங்கினால் சிஸுரு எப்படிப்பட்ட பெண் என்ற கேள்வி மறந்துபோகும், எந்தப் பொத்தான் பூக்கும் என்பது மட்டும் நிற்கும். முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய பாதை வேண்டும் என்று உங்கள் தாளைப் பார்த்து முடிவு செய்தபின், ஒவ்வொரு தேர்விலும் இந்த மனிதனுக்கு இந்த மாதத்தில் என்ன தேவை என்று கேட்டுப் பதில் சொல்லுங்கள். இருமத் தொடங்கியிருக்கும் ஒகிதாவிடம் ஓய்வெடுக்கச் சொல்வது அன்பாகத் தோன்றும். ஆனால் வாளும் கொந்தோவும் தவிர வேறொன்றும் இல்லாத ஒருவனுக்கு, நீ இனிப் பயன்பட மாட்டாய் என்று அது கேட்கக்கூடும் என்பதை வரலாறு தெரிந்தவர் யோசிப்பார். சைத்தோவிடம் காரணம் கேட்டுத் துளைப்பதைவிட அவனோடு மௌனமாக நடப்பது பயன் தரும். தவறான பதில் சொல்லிவிட்டால் பதற வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் தனியாக ஒரு ‘சேவ்’ வைத்துக்கொண்டால் போதும். தவிர, ஏற்கெனவே கடந்த அத்தியாயங்களுக்குத் திரும்ப ஆட்டத்திலேயே வசதி இருக்கிறது. படித்த பகுதியை ஓட்டிவிடும் ‘ஸ்கிப்’ வசதியை இரண்டாம் பாதையிலிருந்து தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இகெதாயா இரவை மட்டும் ஒவ்வொரு தடவையும் முழுதாகப் படியுங்கள். அந்த இரவில் யாருக்கு எங்கே காயம்பட்டது என்பது, அடுத்து நீங்கள் எடுக்கப்போகும் பாதைக்கு ஏற்ப வேறு கனம் பெறும். ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கலைச்சொல் அகராதியும் உண்டு. புதிய பெயர் வந்தவுடன் அதைத் திறந்து பாருங்கள். ஆங்கிலப் பதிப்பிலும் குரல்கள் ஜப்பானிய மொழியிலேயே உள்ளன. எழுத்தை வேகமாகப் படித்துத் தாண்டாமல் குரல் முடியும்வரை காத்திருங்கள். ஹிஜிகாத்தாவுக்குக் குரல் கொடுத்த மிகி ஷின்இச்சிரோவின் பேச்சில், வார்த்தைகளில் இல்லாத களைப்பு கியோட்டோவை விட்டுக் கிளம்பியபின் ஏறிக்கொண்டே போகும்.

எந்த வரிசையில் பாதைகளை ஆடுவது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பிடித்த முகத்தைப் பார்த்துத் தொடங்கு என்பதே வழக்கமான பதில். தாளைப் பார்த்துத் தொடங்குங்கள் என்பது இந்த அத்தியாயத்தின் பதில். உண்மை வாழ்க்கையில் யாருடைய போராட்டம் முதலில் முடிந்ததோ அவரிலிருந்து ஆரம்பியுங்கள். 1867 டிசம்பரில் முடிந்த ஹெய்ஸ்கே முதலில். 1868 ஜூலையில் போன ஹராதாவும் ஒகிதாவும் அடுத்து. ஐசுவில் தங்கிப் போரிட்ட சைத்தோ அதன் பிறகு. ஹகோதாதேவரை போன ஹிஜிகாத்தா கடைசியில். இந்த வரிசையில் போனால், தோற்கும் ஒரு தரப்பு கியோட்டோவிலிருந்து எடோவுக்கும், எடோவிலிருந்து ஐசுவுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி ஹகோதாதே இருக்கும் எசோ தீவுக்கும் படிப்படியாக வடக்கே தள்ளப்படுவதன் பொருள் பாதைக்குப் பாதை கூடிக்கொண்டே போகும். ஹிஜிகாத்தாவின் பாதையை முதலில் ஆடியவர், போர் முழுவதையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டுப் பிறகு கியோட்டோவில் மடிந்தவனின் பாதைக்குத் திரும்ப வேண்டிவரும். மேற்கத்திய உடையும் கத்தரித்த தலைமயிருமாக ஹிஜிகாத்தா திரையில் வந்து நிற்கும் காட்சிக்கு, மற்ற நான்கு பேரின் கதைகளை முடித்துவிட்டு வந்து சேருங்கள். அந்த உடையில் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆட்டத்தை முடித்தபின் அதைத் தேடிப் பாருங்கள், முன்பு வேண்டாம். கஸாமாவின் பாதை இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து அதே போரைப் பார்ப்பது என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

வரலாற்றைப் படிக்கச் சொல்கிறவர் அதன் அசிங்கத்தையும் சேர்த்தே படிக்கச் சொல்ல வேண்டும். ஷின்சென்குமி ஒரு கொலைப்படை, அதைக் காதலர் கூட்டமாக்கியது பொய் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தங்கள் முதல் தலைவர்களில் ஒருவரான செரிசாவா கமோவை 1863இல் தாங்களே வெட்டிக் கொன்றவர்கள் இவர்கள். படையை விட்டு ஓடினால் மரணம் என்பது அவர்களின் விதி. இகெதாயாவுக்கு முன்பு பிடிபட்ட ஃபுருதாகா ஷுன்தாரோவைச் சித்திரவதை செய்துதான் தகவல் பெற்றார்கள். ஹராதாவுக்குக் கியோட்டோவில் மாசா என்ற மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள், ஆட்டம் அவர்களைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. இவற்றை அறிந்தவர் ஆடக்கூடாது என்பது இதன் முடிவு அல்ல. அறிந்தவர்தான் ஆட்டம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பிரித்தறிய முடியும். சிஸுருவைக் கதையின் தொடக்கத்திலேயே கொன்றுவிடலாமா என்று இந்த அழகான இளைஞர்கள் அவள் முன்னாலேயே விவாதிக்கிறார்கள். அது விளையாட்டுப் பேச்சு அல்ல, அந்தப் படை உண்மையிலேயே அப்படி முடிவெடுக்கக்கூடியது என்று தெரிந்தவருக்கு, பின்னால் வரும் கனிவு மலிவாகத் தோன்றாது.

சிஸுருவைப் பற்றிய குறை மட்டும் என்ன சொன்னாலும் தீராது. இடுப்பில் குறுவாள் வைத்திருக்கிறாள், அதை எடுப்பது அபூர்வம். நெருக்கடி வரும்போதெல்லாம் யாராவது வந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பெண்கள் அக்காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள் என்ற சமாதானத்தை ஏற்க முடியாது. அதே 1868இல் ஐசுவில் நகானோ தகேகோ நீண்ட தடிவாள் ஏந்திய பெண்கள் குழுவை நடத்திச் சென்று போரில் உயிரிழந்தார். கோட்டைக்குள் யமமோதோ யாயே துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்டார். வரலாறு இந்த ஆட்டத்துக்குப் பெருமை சேர்ப்பதோடு நிற்பதில்லை, அது தவறவிட்டதையும் காட்டிக்கொடுக்கிறது. சைத்தோவின் பாதையில் ஐசுவுக்குப் போகும்போது, அந்த ஊரின் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இந்த முறை எல்லா சாமுராய் காதல் ஆட்டங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சைபர்ட் நிறுவனத்தின் ‘இகேமென் செங்கோகு’வில் இன்றைய பெண் ஒருத்தி காலம் தாண்டிப் போய், 1582இல் ஹொன்னோஜி கோயிலில் இறந்திருக்க வேண்டிய போர்ப்பிரபு ஒதா நொபுனாகாவை எடுத்த எடுப்பிலேயே காப்பாற்றிவிடுகிறாள். முதல் காட்சியிலேயே வரலாற்றை உடைத்துவிட்டுப் புறப்படும் கதைக்கு நாள்காட்டி தேவையில்லை. நொபுனாகா யார் என்று தெரிந்தால் போதும். இகா நிஞ்சாக்களைப் பற்றிய ‘நைட்ஷேட்’ வேறு விதம். அதில் வரும் இஷிகாவா கோயெமோன் 1594இல் கொப்பரையில் வேகவைத்துக் கொல்லப்பட்டவர் என்பதை அறிந்து ஆடுகிறவருக்கு அவருடைய பாதை முழுவதும் அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டே இருக்கும். ஓர் ஆட்டம் வரலாற்றை உடைக்கிறதா, அதன் இடுக்குகளில் குடியிருக்கிறதா என்பதை முதல் அரை மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். இரண்டாவது வகை என்றால் தாளை எடுங்கள்.

ஹகுவோகியின் விரிவான பதிப்பை வாங்கியவர்களுக்குப் பாதைகள் பன்னிரண்டு. சகமோதோ ரியோமா, யமஸாகி, சன்னான், நாகாகுரா, இபா ஹச்சிரோ, சோமா ஆகியோர் கூடுதலாகச் சேர்ந்தவர்கள். எல்லாவற்றையும் அடுத்தடுத்து ஆடினால் திகட்டும். ஹெய்ஸ்கேவுக்கு முன்னால், ஷோகன் ஆட்சிக்கு எதிராக இயங்கிய ரியோமாவை வைக்கலாம். இருவரின் உண்மை மரணங்களுக்கும் இடையே மூன்றே நாள். ரியோமாவைக் கொன்ற இடத்தில் கிடந்த வாளுறை ஹராதாவுடையது என்று இத்தோவின் ஆட்கள் சொன்ன வதந்தி அப்போது கியோட்டோ முழுவதும் பரவியிருந்தது. ஆறில் ஒன்றைக் கண்டிப்பாக ஆட வேண்டும் என்றால் அது நாகாகுராவுடையது. அதையும் ஹிஜிகாத்தாவுக்குப் பின்னால் வையுங்கள். உண்மை வாழ்க்கையில் அவர் 1868இல் கொந்தோவோடு மனம் முறிந்து படையை விட்டு விலகினார், 1915வரை வாழ்ந்தார். கொந்தோவுக்கும் ஹிஜிகாத்தாவுக்கும் 1876இல் இதாபாஷியில் நினைவுக்கல் நாட்டினார். அதற்கு உதவிய மருத்துவர் மாட்சுமோதோ இந்த ஆட்டத்திலும் ஒரு பாத்திரமாக வருகிறார். 1913இல் ஒதாரு நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் நாகாகுராவின் நினைவுகள் தொடராக வந்தன. இகெதாயா இரவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அவர் சொல்லித் தெரிந்ததுதான். அவருடைய பாதையைத் தொடங்கும்போது உங்கள் தாளில் அவர் பெயருக்கு எதிரே போர்க்கால மரணத் தேதி எதுவும் எழுதியிருக்காது.